கல்லு மரத்துக்கு வேலி, அப்பாயி கைக்கு?

ஒருவழியா அகிமிட்சு தகாகியோட 'த டாட்டூ மர்டர் கேஸ்' படிச்சு முடிச்சாச்சு. 1948ல் வந்த ஜப்பானிய நாவல். உள்பக்கம் பூட்டின குளியலறை. உள்ளே ஒரு பெண்ணோட தலையும் கைகால்களும் மட்டும் கிடக்கு. பச்சை குத்தின உடம்பைக் காணோம். முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க :)

இந்த மாதிரி புத்தகத்துக்கு நம்மாளுங்க விமர்சனம் எழுதினா ரெண்டு வரி தவறாம வரும். "ஜப்பான்காரன் பச்சை குத்துறதைக் கலையா வளர்த்தான். நம்மூர்ல அது வெறும் பட்டிக்காட்டு வழக்கம்."

முதல் வரியே பாதிப் பொய் மக்கா. 1872லயே அங்க அரசாங்கம் தடை போட்டுடுச்சு. தடை நீங்கினது, நாவல் வந்த அதே 1948ல்தான். ஒளிஞ்சு ஒளிஞ்சு பிழைச்ச கலை அது.

இங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சு? பச்சை குத்த ஊசியும் மையுமா ஊர் ஊரா வந்தவங்க குறவர் சமூகத்துப் பெண்கள். அந்தச் சமூகத்தையே குற்றப் பரம்பரைன்னு பட்டியல் போட்டு வச்சிருந்தான் வெள்ளைக்காரன். சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1947ல். அங்க குத்திக்கிட்டவன் மேல சந்தேகம், இங்க குத்திவிட்டவங்க மேல சந்தேகம். அவ்ளோதான் வித்தியாசம்.

ஆனா தோக்கியோ பல்கலைக்கழகத்துல பச்சை குத்தின தோலையே பதப்படுத்தி வச்சிருக்காங்க. நாம?

பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல கல்லாப் போன மரம் ஒண்ணு இருக்கு. 12 கோடி வருஷப் பழசு, 18 மீட்டர் நீளம். அதுக்கு வேலி, பலகை, பாதுகாப்பு எல்லாம் உண்டு. சந்தோஷம். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல, அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்த எங்க அப்பாயி முழங்கையில ஒரு சிக்குக்கோலம் இருந்துச்சு. பதினோரு வயசுல குத்தினதாம். வலி தெரியாம இருக்க அந்தம்மா பாட்டுப் பாடிக்கிட்டே குத்துச்சாம். என்ன பாட்டு, எத்தனை புள்ளி? நான் கேக்கவே இல்ல. காலேஜ்ல படிக்கும்போது "என்ன அப்பாயி, பச்சைப் பச்சையா அசிங்கமா"ன்னு சிரிச்சவன் நான்தான். போன வருஷம் அவங்களோட சேர்ந்து அதுவும் எரிஞ்சுபோச்சு. ஆபீஸ்ல தினமும் பேக்கப் எடுக்கிறவன் வீட்டுல ஒரு போட்டோ எடுக்கல.

"தமிழ்ல ஏன் இப்படி ஒரு நாவல் வரல?"ன்னு பதிவு போடுறதுக்கு முன்னாடி, பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பாட்டி கையை ஒருதடவை பிடிச்சுப் பாருங்க. போட்டோ எடுங்க. யார் குத்தினாங்க, என்ன பாடினாங்கன்னு கேளுங்க. நாவல் அப்புறம் வரும்.

டிஸ்கி: தோள்ல டிராகன் குத்திக்கிட்ட நண்பர்கள் கோவிச்சுக்க வேணாம். டிராகன் சூப்பர். கோலமும் சூப்பர்னுதான் சொல்றேன்.