மருந்துக்கு முன் நாடி பாருங்கள்!

வைத்தியர் நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்கிறார். அதன் பிறகே மருந்து கொடுக்கிறார்.

ஆங்கில வகுப்பில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. பையன் வாய் திறக்கவில்லையா? "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். புதுப் புத்தகம் வருகிறது. புதுத் திட்டம் வருகிறது. மேலிடத்தில் இருந்து உத்தரவு வருகிறது. பையன் மட்டும் பேசுவதில்லை. ஏன் பேசவில்லை என்று அவனை யாரும் கேட்கவில்லை!

கேட்க வேண்டியவர் யார்? அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்தான். தன் வகுப்பில் உள்ள குறையை ஆசிரியர் தாமே ஆராய்ந்து, தாமே மாற்றிப் பார்த்து, பலனையும் தாமே கவனிப்பதற்குச் "செயல் ஆராய்ச்சி" என்று பெயர்.

நாலு படிகள்

இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் குர்ட் லெவின் என்ற மனோதத்துவ அறிஞர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்றவர். சமூகச் சிக்கல்களைத் தீர்க்க இந்த வழியை 1946-ல் எழுதினார். அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் கோரி, 1953-ல் வெளியிட்ட நூலில் இதைப் பள்ளிக்கூட வேலைக்குப் பொருத்திக் காட்டினார்.

படிகள் நாலு. திட்டமிடு, செய்து பார், கவனி, யோசி. பிறகு மீண்டும் முதல் படி.

சிலி காட்டிய வழி

தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டு மக்கள் பேசுவது ஸ்பானிஷ் மொழி. அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பள்ளியில் படிக்கும் பாடம். வீட்டில் பேசும் மொழி அல்ல.

2013-ல் சிலியின் கல்வி அமைச்சும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்களுக்காக "சாம்பியன் டீச்சர்ஸ்" என்ற பயிற்சியைத் தொடங்கின. ரிச்சர்ட் ஸ்மித், பவுலா ரெபோயெதோ ஆகியோர் அதில் வழிகாட்டினார்கள். நாலு படிகளுக்கு முன்னால் இன்னொரு படியையும் வைத்தார்கள். எதையும் மாற்றுமுன், "இப்போது என்ன நடக்கிறது?" என்று பார்ப்பதே அந்தப் படி.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். "பேசுவதற்கு எது தடை?" என்று ஒரு துண்டுத் தாளில், பெயர் போடாமல், தாய்மொழியிலேயே பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். சக ஆசிரியரைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்லலாம். தம் பாடத்தைத் தாமே ஒலிப்பதிவு செய்து கேட்கலாம்.

காரணம் பலவாக இருக்கும். மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயமா? அப்படியானால் முதலில் பக்கத்துப் பையனோடு மட்டும் பேசவிட வேண்டும். கேள்வியே புரியவில்லையா? கேள்வியை எளிதாக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லையா? ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.

கடைசிக் காரணம் சின்ன விஷயம் அல்ல. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ, விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1974-ல் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான்! மூன்று விநாடி காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது. பதில் சொல்லாதவர்கள் குறைந்தார்கள்.

நேரம் எங்கே?

"ஒரு வகுப்பில் கண்டது ஊருக்கெல்லாம் பொருந்துமா?" என்று சிலர் கேட்பார்கள். பொருந்தாமல் போகலாம். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருந்தினால் போதும். அவர்களுக்காகச் செய்ததுதானே அது!

ஆனால் ஆசிரியருக்கு ஓய்வு வேண்டாமா? காலை முதல் மாலை வரை பாடம், இரவில் நோட்டுத் திருத்தம் என்றால் ஆராய்ச்சி எப்போது? சிலி 2016-ல் சட்டம் செய்தது. 2019 முதல் ஆசிரியரின் வேலை நேரத்தில் வகுப்பில் நிற்பது 100-க்கு 65 பங்குக்கு மேல் போகக்கூடாது என்றது. இப்படிப்பட்ட சட்டம்தான் ஆராய்ச்சிக்கு உரம்.

நேரம் கொடுக்காமல், "ஆளுக்கொரு ஆராய்ச்சி எழுதிக் கொடு" என்று கட்டளை போட்டால் காகிதம்தான் சேரும். பையன் ஊமையாகவே உட்கார்ந்திருப்பான்.

அதிகாரிகள் நேரம் கொடுக்கட்டும். ஆசிரியர் காரணத்தைக் கேட்கட்டும். வீட்டில் பெற்றோரும் "மக்கு" என்று திட்டுமுன், "உனக்கு எது கஷ்டம்?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.