நூறு வாங்கினவனுக்கு ஒன்பது போட்ட கதை

போன செமஸ்டர்ல எங்க துறை வினாடி வினாவுக்கு ரேங்க் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. சின்ன ஜாவாஸ்கிரிப்ட்தானே என்று உட்கார்ந்தேன். பெயர்கள் ஒரு அரே. மதிப்பெண்கள் இன்னொரு அரே: 95, 100, 9, 88. ஸார்ட் போட்டேன், ரிவர்ஸ் போட்டேன், திரையில் காட்டினேன். 95, 9, 88, 100 என்று வந்தது! அதைவிடக் கூத்து, பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றதால் நூறு வாங்கினவனுக்கு நேரே ஒன்பது. ஒன்பது வாங்கினவனுக்கு 88. அரங்கமே சிரித்தது, அந்த நூறைத் தவிர.

இத்தனைக்கும் அரே மெத்தட் பட்டியலை ஒப்பிப்பேன் மக்களே. லேப் ரெக்கார்டில் 'பெரிய எண்ணைக் கண்டுபிடி', 'கூட்டுத்தொகை காண்' எல்லாம் அழகாக எழுதி கையெழுத்தும் வாங்கியாச்சு. அந்தப் பயிற்சியைத்தான் திட்டுகிறேன். விடை வந்ததா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள். அசல் அரே என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ஸார்ட்டுக்கு ஒப்பிடும் வழியை நாம் சொல்லாவிட்டால் எண்களையும் எழுத்தாகத்தான் பார்க்கும். அகராதியில் 1 முன்னால், 8 பின்னால், அதனால் 100-க்கு அப்புறம்தான் 88. 'இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி' என்று ஒரு குட்டி ஃபங்ஷன் கொடுத்திருந்தால் இறங்குவரிசை ஒழுங்காக வந்திருக்கும், ரிவர்ஸே வேண்டாம். (பெயரையும் மதிப்பெண்ணையும் தனித்தனியாக வைத்தது என் புத்தி. அதற்கு மொழி என்ன செய்யும்?)

ஸார்ட், ரிவர்ஸ், ஸ்ப்ளைஸ் மூன்றும் அசலையே மாற்றும். மேப், ஃபில்டர், ஸ்லைஸ் புது அரே தரும். ஸ்லைஸுக்கும் ஸ்ப்ளைஸுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், எவர் பெயர் வைத்தாரோ! அசலைத் தொடாத டூஸார்ட்டட் 2023 தரத்தில்தான் வந்தது. 'கான்ஸ்ட் போட்டா மாறாதுடா' என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அந்தப் பெயருக்கு வேறு அரேயைக் கொடுக்கத்தான் முடியாது, உள்ளே இருப்பது தாராளமாக மாறும். இன்னொரு பெயரில் வைத்தாலும் நகல் ஆகாது, இரண்டு பெயரும் ஒரே அரேயைத்தான் காட்டும்.

ஆகவே மெத்தட் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு தாள் எடுங்க. 10, 9, 1 என்ற அரேயை சும்மா ஸார்ட் பண்ணினால் என்ன வரும், அசல் என்ன ஆகும், இரண்டையும் எழுதுங்க. ரன் பட்டனை அப்புறம் அழுத்தலாம்.