ஒற்றைப் பிள்ளையும் அறுவர் வீடும்

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தினரைக் காண்பதற்குச் சென்ற மாதம் நாம் போயிருந்தோம். தேநீர் அருந்தி முடிந்ததும் வீட்டுத் தலைவி எம்மை அடுக்களைப் பக்கமாக அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயத்தைச் சொன்னார். ஒன்பது வயதுடைய அவருடைய ஏக புத்திரி, முதல் நாள் மாலை தன் அறையில் நின்றுகொண்டு, “அது என்ரை சீப்பு, தா! இல்லாட்டி அம்மாட்டைச் சொல்லுவன்” என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாளாம். தாய் எட்டிப் பார்த்தபோது அறையில் வேறெவரும் இல்லை. சீப்பும் அவள் கையிலேயே இருந்தது.

வைத்தியரிடம் காட்ட வேண்டுமோ என்பது அத்தாயின் கவலை. எல்லாம் அந்தப் படங்களால் வந்த வினை என்பது தந்தையின் தீர்ப்பு.

எந்தப் படங்கள் என்று விசாரித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து பெரியம்மா தம் மக்கள் மூவருடன் வந்து மூன்று வாரங்கள் தங்கியிருந்தார். ஐந்தாம் மாடி அதிர்ந்தது. கீழ்வீட்டார் இருமுறை வந்து முறையிட்டனர். புறப்படும்போது அப்பிள்ளைகள் தாம் பார்த்து முடித்த இறுவட்டுகள் சிலவற்றைத் தங்கைக்கென விட்டுச் சென்றனர். ‘தி பிறேடி பஞ்ச்’ என்னும் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் அவற்றுள் ஒன்று. விமான நிலையத்திலிருந்து திரும்பிய அன்றிரவே சிறுமி அதைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். இன்னும் நிறுத்தவில்லை.

இத்தொடரை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஏ.பி.சி. நிறுவனம் 1969 முதல் 1974 வரை ஒளிபரப்பிய இதில் 117 அங்கங்கள் உள. மூன்று ஆண்மக்களையுடைய ஒருவரும் மூன்று பெண்மக்களையுடைய ஒருத்தியும் மணம் புரிந்து, எல்லோரும் ஒரே வீட்டில் வாழ்வதே கதை. பெண்கள் மூவருக்கும் ஓர் அறை, ஆண்கள் மூவருக்கும் ஓர் அறை. அறுவருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. (அக்குளியலறையில் மலசலகூடம் மட்டும் ஒருபோதும் காட்டப்படவில்லை. அறுவரும் எவ்வாறு சமாளித்தனரோ!) தொடக்கத்தில் திரை ஒன்பது கட்டங்களாகப் பிரிந்து, கட்டத்துக்கு ஒரு முகமாகத் தோன்றும். பெற்றோர், பிள்ளைகள், நடுக்கட்டத்தில் வீட்டுப் பணிப்பெண். அம்முகங்கள் அயற் கட்டங்களை நோக்கித் திரும்பி ஒன்றையொன்று பார்த்துப் புன்னகை செய்யும். வேறு எதைத் தாண்டிச் சென்றாலும் இந்தப் பகுதியைத் தாண்டுவதற்குச் சிறுமி இடங்கொடாளாம்.

நாமும் சில அங்கங்களைப் பார்த்தோம். உயர்ந்த கலை என்று சொல்லமாட்டோம். தந்தையாக நடித்த றொபேர்ட் றீட் என்பவருக்கே அது பிடிக்கவில்லை. கதைகள் பற்றித் தயாரிப்பாளரோடு ஓயாது பிணங்கிய அவர், இறுதி அங்கத்தில் தோன்றவேயில்லை. (இதைச் சிறுமியிடம் நாம் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை.) இடையிடையே எழும் சிரிப்பொலியும் அரங்கில் அமர்ந்திருந்தோர் சிரித்ததன்று. சாள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியியலாளர் 1950-களில் தொடங்கிவைத்த வழக்கத்தின்படி, முன்னரே பதிவு செய்து வைத்த சிரிப்பைப் பின்னர் சேர்த்ததேயாகும். யாரோ எப்போதோ சிரித்த சிரிப்பு ஐந்தாம் மாடியில் ஒலிக்கிறது. அதனோடு கூடி ஒரு குழந்தை சிரிக்கிறாள். தனியே இருந்து வாய்விட்டுச் சிரிப்பது எத்துணை கடினம் என்பதைத் தனித்திருந்து பார்த்தவரே அறிவர்.

ஆனால் அவள் அங்கே விரும்பித் தேடுவது சண்டையை என்றே எமக்குத் தோன்றுகிறது. தாயோடும் தந்தையோடும் பிள்ளை செய்வது சண்டையாகாது. அங்கே ஒரு பக்கம் கட்டளை, மறுபக்கம் கீழ்ப்படிதல் அல்லது பிடிவாதம். முடிவில் தண்டனை அல்லது மன்னிப்பு. சமமானவரோடு சீப்புக்கும், யன்னலோர இருக்கைக்கும், பனங்கட்டித் துண்டுக்கும் அடிபட்டு, “இனி உன்னோடு கதைக்கமாட்டேன்” என்று சபதம் செய்து, பொழுதுபடுமுன் அதனை மறந்துபோவது வேறொரு கல்வி. எமது இளமையில் இந்நாட்டில் தொலைக்காட்சி இல்லை, 1979-இல்தான் வந்தது. முற்றம் இருந்தது. முற்றம் நிறையச் சகோதரரும் மச்சான் மச்சாள்மாரும் இருந்தனர். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வளர்கின்றனர். கொழும்பில் எஞ்சியவளுக்கு எட்டியது ஓர் இறுவட்டு.

ஒற்றைப் பிள்ளை என்றாலே செல்லத்தாற் கெட்டது, தன்னலம் மிக்கது என்று சொல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. 1986-இல் பால்போ, பொலிற் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் 115 ஆய்வுகளைத் திரட்டி ஒப்புநோக்கியபோது, குணத்திலோ பிறரோடு பழகுவதிலோ இப்பிள்ளைகள் குறைந்தவரல்லர் எனக் கண்டனர். ஆகவே அச்சிறுமியிடம் ஒரு குறையும் இல்லை. ஏக்கம் இருக்கிறது, அது குறையன்று.

1972-இல் ஒளிபரப்பான ஓர் அங்கத்தின் பெயரே ‘ஜான், ஒற்றைப் பிள்ளை’ என்பதாம். மூன்று பெண்களுள் நடுவிலுள்ள ஜான், உடன்பிறந்தோரின் தொல்லை தாங்காது, தான் ஒற்றைப் பிள்ளையாய் இருந்தால் எவ்வளவு நன்று என்கிறாள். மற்றவர்களும் அவ்வாறே அவளை விட்டு ஒதுங்குகின்றனர். முதலிற் சுகம், பின்னர் வெறுமை. அவள் மனம் மாறியதும் எல்லோரும் மீண்டும் கூடிக்கொள்கின்றனர். எல்லாம் அரைமணி நேரத்துள் முடிந்துவிடும். இதைப் பார்த்த அன்று சிறுமி சிரிக்கவில்லையாம். படம் முடிந்ததும் தாயிடம் வந்து, “அவளுக்கு எல்லாரும் திரும்பி வந்திட்டினம், அம்மா” என்று மட்டும் சொன்னாளாம்.

படத்தாற் கெட்டுப்போனாள் என்பதற்குச் சான்றாகவே தாய் இதனை எமக்குக் கூறினார். சிறிது நேரம் எமக்கு மறுமொழி வரவில்லை.

வைத்தியர் வேண்டாம், இறுவட்டுகளை ஒளிக்கவும் வேண்டாம், ஒருநாள் அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள் என்று மட்டும் சொல்லி வந்தோம். தமக்கு நேரமேது என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆயினும் சென்ற ஞாயிறு இரவு தொலைபேசியில் எம்மை அழைத்தார். அன்று மாலை மகளோடு அமர்ந்து பார்த்தாராம். திரையில் இரு சகோதரிகள் வாதாடக் கண்டு, கோப்பாய் வீட்டில் தாமும் தமக்கையும் ஒரு சீப்புக்காக இழுபட்டு, அது இரண்டாக முறிந்த கதையை வாய்தவறிச் சொல்லிவிட்டார். சீப்பு யாருடையது என்று மகள் கேட்டாள். என்னுடையதே என்றார் தாய். அதனைப் பெரியம்மாவிடமே கேட்கவேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ரொறன்ரோவில் அப்போது காலை. நித்திரைக் கண்ணோடு பேசிய பெரியம்மா, முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், அச்சீப்பு தம்முடையதே என்று அடித்துச் சொன்னார். இங்கிருந்து தாய் குரலை உயர்த்த, அங்கிருந்து பெரியம்மா உயர்த்த, என்னவோ ஏதோவென்று தந்தை உள்ளிருந்து ஓடிவந்தார்.

சிறுமி இருவரையும் அமர்த்தி, லண்டனிலுள்ள சின்னம்மாவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று கட்டளையிட்டாளாம். அங்கே அப்போது என்ன நேரம் என்று தாய் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாராம்.