டிரைவருக்கும் ஒரு கட்டில்!

நாலு நண்பர்கள் குடும்பத்தோடு சேர்ந்து, வாடகைக்கு ஒரு வேன் பிடித்து டூர் போவது இருக்கிறதே, அது உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

காஞ்சிபுரம் பக்கம் தென்னேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நெய்கிற ஊர். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அதே இடுப்பு, அதே முதுகு, அதே கண். கல்யாண சீஸன் வந்துவிட்டால் தலை நிமிர நேரமிருக்காது. இப்படி உழைக்கிறவர்கள் வருஷத்தில் நாலு நாள் தறியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர், அவரவர் வீட்டுப் பெண்கள் என்று பன்னிரண்டு பேராகச் சேர்ந்து ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று கிளம்பினால், எந்த டாக்டர் வேண்டாம் என்பார்? "கட்டாயம் போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போடுவீர்கள் இல்லையா? வேன் வாடகை, டீசல், டோல்கேட், டிரைவர் பேட்டா, சாப்பாடு, ரூம்... அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள். அநேகமாக அதில் ஒரு வரி விட்டுப் போயிருக்கும். டிரைவர் எங்கே தூங்குவார்? எத்தனை மணி நேரம் தூங்குவார்?

"அது அவர் பாடு சார்!" என்று சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு பேருடைய உயிரும் அந்த ஒருத்தரின் தூக்கத்தில்தான் இருக்கிறது.

"ராத்திரி கிளம்பினா ஒரு நாள் மிச்சம்!"

டூர் பேச்சு எடுத்ததுமே யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்வார். "ராத்திரி ஒன்பது மணிக்கு ஏறிப் படுத்தா, விடிஞ்சா ராமேஸ்வரம். ரோடும் காலியா இருக்கும், வெயிலும் இல்லை, ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம்." எல்லோரும் தலையாட்டுவார்கள்.

தென்னேரியிலிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாகத் தெற்கே இறங்கினால் ராமேஸ்வரம் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நிறுத்தங்களையும் சேர்த்தால் முழு ராத்திரியும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓட்ட வேண்டும். நீங்கள் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வேனில் ஏறித் தூங்குகிறீர்கள். அவர் பகலெல்லாம் என்ன செய்தார்? பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டு, மதியம்தான் திரும்பியிருக்கலாம். நீங்கள் கேட்டீர்களா?

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து, ஆறு மணி வரை அது "படு, படு" என்று இழுக்கும். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அந்தக் கடிகாரத்தை ஏமாற்ற முடியாது. அப்போது வருவது குறட்டைத் தூக்கம் அல்ல. கண் திறந்த மாதிரியே இருக்கும், மூளை மட்டும் மூன்று நான்கு விநாடி அணைந்துவிடும். தூங்கினோம் என்பதே அவருக்குத் தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். நான்கு விநாடியில் 100 மீட்டர்! அந்த நூறு மீட்டரும் உங்கள் வண்டியை யாரும் ஓட்டவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1997-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து கண் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் சேர்ந்து செயல்படும் திறமை, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதித்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான்! காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. குடித்திருக்கும் டிரைவர் வண்டியில் ஏறுவீர்களா? மாட்டீர்கள். வாடை வந்தாலே இறங்கிவிடுவீர்கள். தூக்கத்துக்கு வாடை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"டீ குடிச்சா சரியாப் போயிடும்" என்பார்கள். டீயோ காபியோ வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். செய்தாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். முகம் கழுவுவது, பாட்டை அலற விடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது எல்லாம் சில நிமிஷ வைத்தியம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான்.

"டிரைவரே ஓட்டறேன்னு சொல்றாரே?"

சொல்வார். சொல்லாமல் என்ன செய்வார்? "முடியாது" என்றால் அடுத்த டிரிப்புக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவீர்கள். ஓனரும் முகம் சுளிப்பார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா? அவருடைய "சரி"யை அவருடைய உடம்பின் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதைக் காசு கொடுக்கிற நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த சமாசாரம் அல்ல. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, நாளைக்கு 8 மணி நேர வேலை, நீண்ட தூரப் பயணம் என்றால் அதிகபட்சம் 10 மணி நேரம், ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும் முன் குறைந்தது 9 மணி நேரத் தொடர் ஓய்வு என்று எழுதி வைத்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால், ரோடும் வண்டியும் மெதுவாக இருந்த காலத்திலேயே இந்தக் கணக்கு!

வண்டி நிற்கும்போதும்...

சரி, ராத்திரி ஓட்டவில்லை. நீங்கள் லாட்ஜில் மூன்று ரூம் எடுத்துப் படுத்துவிட்டீர்கள். டிரைவர்? "நான் வண்டியிலேயே படுத்துக்கறேன் சார்" என்பார். புழுக்கம், கொசு. கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஏ.ஸி.யைப் போட்டுக்கொள்வார். இதில் இரண்டு கெடுதல். ஒன்று, சீட்டில் சுருண்டு படுத்த தூக்கம் தூக்கமே அல்ல. இன்னொன்று, உயிருக்கே ஆபத்து.

கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் 2024 டிசம்பர் 23-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கூட வேலை பார்த்தவர். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஏ.ஸி. போட்டுக்கொண்டு படுத்தவர்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிறதே ஹீமோகுளோபின், அதை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி ஒரு குமட்டல், அசதி... தூங்குகிறவருக்கு இதுவும் தெரியாது. தூக்கத்திலேயே மயக்கம், மயக்கத்திலேயே முடிவு. மூடிய வண்டிக்குள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் "பித்தம்" என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காராதீர்கள். இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து 108-க்குப் போன் செய்யுங்கள். கொரோனா காலத்தில் வாங்கின விரல் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் கையில் இருக்கலாம். இந்த விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். அது இரண்டு வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் "நார்மல்" என்றே காட்டும்.

வீடு வேறு, வண்டி வேறு

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கிற வண்டிதான் ஞாபகம் வரும். இப்போது படுக்கை, கழிப்பறை, சின்னச் சமையல் மேடை எல்லாம் உள்ள வண்டியை நம்மைப் போன்றவர்களே வாடகைக்கு எடுக்கலாம். கேரளா 2021-ல் இதற்கென்றே ஒரு திட்டம் அறிவித்தது. வாகமண்ணில் 2022-ல் கேரவன் பார்க்கும் வந்தது. நண்பர்கள் குழுவுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த வண்டிக்கே ராத்திரி நிற்க ஒரு பார்க் வேண்டியிருக்கிறது! ஓரிடத்தில் நின்று, வெளியிலிருந்து கரண்ட் எடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்குவதற்காகத்தான் அது. வீடு மாதிரி செய்த வண்டியே ராத்திரி நிற்க வேண்டும் என்றால், நம் வேன் மட்டும் ஓட வேண்டுமா?

வண்டியை வீடாக நினைக்கிறபோது வருகிற இன்னொரு வினை, அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி விடியற்காலை, மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வடக்கே லக்னோவிலிருந்து ஒரு குழுவாகப் பெட்டியை வாடகைக்கு எடுத்துக் கோயில் கோயிலாக வந்தவர்கள். விதியை மீறி உள்ளே ஏற்றி வந்த காஸ் சிலிண்டர்தான் வினையானது. டூர் வேனில் ஸ்டவ்வும் சிலிண்டரும் ஏற்றுகிற பழக்கம் நமக்கும் உண்டு. சிக்கனம் வேண்டியதுதான், புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போகலாமே!

பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்

இப்போது திரும்ப அந்தக் கணக்குத் தாளுக்கு வருவோம். டிரைவருக்குத் தனி ரூம், ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்கு 84 ரூபாய். ஒரு வேளை டிபன் காசு! இதை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

தமிழ்நாடு அரசும் 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்களில் விருந்தினர்களின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள தங்கும் கூடம் இருக்க வேண்டும் என்றது. ரூம் புக் செய்யும்போதே, "டிரைவர் தங்க இடம் இருக்கா?" என்று கேளுங்கள். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால்தான் விதி தாளை விட்டு இறங்கி லாட்ஜுக்குள் வரும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஓனரிடம் நாலு விஷயம் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, கிளம்புகிற தினத்துக்கு முந்தின ராத்திரி டிரைவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். இரண்டு, ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை வண்டி ஓடாது. மூன்று, ஒரு நாளில் ஓடுவது எட்டு மணி நேரம்தான். ராமேஸ்வரம் என்றால் திருச்சியில் ஒரு ராத்திரி தங்கலாம், ஸ்ரீரங்கமும் பார்த்த மாதிரி ஆகும். நான்கு, ஓட்டாத ராத்திரிக்காக டிரைவரின் பேட்டாவில் ஒரு பைசா குறையாது. இந்த நாலாவதை அவர் காதுபடச் சொல்லுங்கள். அப்புறம்தான் "களைப்பா இருக்கு சார்" என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரும்.

பகலில் ஓடினால் உங்கள் உடம்புக்கும் லாபம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி எல்லோரும் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொன்னது. பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராத்திரிப் பயணத்தில் எங்கே இறங்குவது என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள், வருகிற சிறுநீரையும் அடக்குவார்கள். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று டாக்டரிடம் நிற்பார்கள். பகலில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து நிறுத்தினால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

"இப்படியெல்லாம் பார்த்தா நாலு நாள் டூர் அஞ்சு நாள் ஆயிடுமே!" என்பீர்கள். ஆகட்டும். இல்லையென்றால் ஒரு கோயிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த வருஷம் அங்கே போய்க்கொள்ளலாம். அடுத்த வருஷமும் அதே பன்னிரண்டு பேரும், அதே டிரைவரும் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஆகவே அந்தத் தாளை எடுங்கள். சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் நடுவில் ஒரு வரி எழுதுங்கள்: டிரைவருக்கு ஒரு கட்டில். அதை எழுதிவிட்டு மற்ற கணக்கைப் போடுங்கள்.