கீழே விழுந்த இடுக்கி

மாணவர்களே! சிவாஜிநகரில் வாழும் நமக்குப் பவ்ரிங் மருத்துவமனை அயலன்று. இந்நகரை 1898ஆம் ஆண்டு பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. பெங்களூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தது அந்த அச்சத்தினால்தான்.

அந்நோய்க்குத் தடுப்பூசி கண்டவர், மும்பையில் ஆய்வு நடத்திய வால்டெமர் ஹாஃப்கின். கிருமியை வளர்த்து, வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு அத்தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ரண ஜன்னி கண்டு மாண்டனர். பழி ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. அவர் பதவியை இழந்தார். உண்மையில் நிகழ்ந்தது சிறு பிழை. புட்டியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்திருந்தது. உதவியாளர் அதனை நெருப்பில் காட்டவில்லை; கார்பாலிக் கரைசலில் நனைத்ததோடு விட்டுவிட்டார். ரண ஜன்னிக் கிருமி மண்ணில் உறங்கிக் கிடப்பது, அவ்வளவில் சாகாது. ஹாஃப்கின் மீதான பழி 1907இல்தான் நீங்கியது. இடையில் கழிந்த ஐந்தாண்டுகள் அவருக்குத் திரும்பக் கிடைக்குமா?

தவறியவரைக் கடுமையாகத் தண்டித்தால் பிறர் விழிப்போடு இருப்பர் என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டனைக்கு அஞ்சுபவர் முதலில் கற்பது மறைப்பதையே. இடுக்கி எவர் கையிலிருந்தும் நழுவும். "விழுந்துவிட்டது, ஐயா, புதியது வேண்டும்" என்று கடைநிலை உதவியாளரும் உடனே சொல்லக்கூடிய ஆய்வுக்கூடமே பாதுகாப்பானது. அவ்வாறு சொன்னவரை மேலதிகாரி கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் வாய் திறவார்.

இன்று விதிகள் பெருகியுள்ளன. நோய் மாதிரியைக் கசியாத குழாயிலிட்டு, உறிஞ்சும் பஞ்சு சுற்றி, இரண்டாம் கலத்தில் அடைத்து, அதற்கும் வெளியே உறுதியான பெட்டியில் வைத்தே அனுப்புகின்றனர். மிகக் கொடிய கிருமிகளை ஆராயப் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் நான்காம் நிலைப் பாதுகாப்புக் கூடம் உண்டு. (மூன்று உறையும் வேண்டாம், ஒன்று போதும் என்று நினைக்கும் அவசரக்காரர் எங்கும் இருப்பர்!) அங்கும் கையுறை கிழியக்கூடும். கிழிந்ததை முதலில் அறிபவர், அதனை அணிந்திருப்பவர் மட்டுமே.