மொட்டை மாடிக்குப் பூட்டு ஏன்?

திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறுவோர் இன்று பெருகி வருகின்றனர். இடம் சுருங்கியதில் எனக்கு வருத்தமில்லை. பெருக்கும் வேலை குறைவு. (அம்மாவின் கருத்தும் அதுவே!) திண்டாடுவோர் முதியவர்களே.

சென்ற சித்திரையில் எங்கள் அப்பத்தா கூழ் வத்தல் போட நான்கு மாடி ஏறினார். மேலே பூட்டு! "தளம் பாழாகும்" என்றது குடியிருப்போர் சங்கம். பழைய சேலையை விரித்துத்தானே வத்தல் போடுவார்கள்? சன்னலோரத் தட்டில் ஊற்றிய கூழ் காயாமல் புளித்தது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் பொது இடங்களுள் ஒன்றாகவே கூறுகிறது. பொது இடம் என்றால் எவரும் நுழையாத இடம் என்று பொருளா? முற்றத்தை இழந்து வந்தவர்களுக்கு வெயிலும் பேச்சுத்துணையும் கிடைக்கும் இடம் அது ஒன்றே. குழந்தைகள் விழுந்துவிடுவர் என்று அஞ்சினால் கைப்பிடிச் சுவரை உயர்த்துங்கள். சாவியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள்.