சிரிப்புக்குள் ஒரு சிறை

“நகைச்சுவையிலுமா நியாயம் பார்ப்பது? சிரித்துவிட்டுப் போவதுதானே!” என்று நம்மிடம் கேட்கும் நண்பர்கள் உண்டு. சிரிப்புக்கு நாம் பகைவர் அல்லர். பழமையின் கோட்டையைப் பகுத்தறிவாளர் தாக்கியபோதெல்லாம் பகடியும் ஒரு படைக்கலமாக இருந்ததை நாம் அறிவோம். அறிந்ததனால்தான் கேட்கிறோம்: அந்தப் படைக்கலம் இன்று யார் கையில் இருக்கிறது? யார் மார்பை நோக்கி நீள்கிறது?

விடை தேட அமெரிக்காவைப் பார்ப்போம். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் தழைத்து வளர்ந்த நாடு அது. நிலவில் மனிதனை நடக்கவைத்த நாடு. விடுதலைக்குப் பெண்ணுருவில் சிலை வைத்த நாடு. அந்த நாட்டின் வீட்டுக் கூடத்தில் ஒளிர்ந்த பெட்டிக்குள் பெண் எப்படி இருந்தாள்?

1951 முதல் 1957 வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய தொடர் ‘ஐ லவ் லூசி’. கணவன் ரிக்கி இசைக்குழுத் தலைவன். மனைவி லூசிக்கும் மேடை ஏற ஆசை. ஆசைப்படலாமோ? வீட்டைப் பார்த்துக்கொள் என்பது கணவன் கட்டளை. அவள் தந்திரம் செய்கிறாள், அகப்படுகிறாள், அவமானப்படுகிறாள். சில கதைகளில், குறும்பு செய்த குழந்தையைப் போல அவளை மடியில் கவிழ்த்து அடிக்கிறான் கணவன். அரங்கம் சிரிக்கிறது!

அந்த லூசியாக நடித்த லூசில் பால் யார்? 1950இல் கணவருடன் சேர்ந்து ‘தேசிலு’ தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர். 1962இல் கணவரின் பங்கையும் வாங்கி அதன் தலைவராக அமர்ந்தவர். திரைக்கு வெளியே நிறுவனத்தையே நடத்தும் ஆற்றல். திரைக்குள்ளே அடி வாங்கும் பேதைமை! ஆற்றல் இல்லாததால் பெண் அடுப்படியில் நின்றாள் என்போர், இதற்கு என்ன விடை கூறுவர்?

1952இல் லூசி கருவுற்றதைக் கதையாக்கினர். ‘கர்ப்பிணி’ என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்றது ஒளிபரப்பு நிறுவனம். கதையில் களங்கம் உண்டா என்று பார்க்க, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத குரு! கடவுளைப் பற்றி ஒன்றுபடாத மூவர், பெண்ணின் வயிற்றுக்குக் காவல் நிற்பதில் ஒன்றுபட்டனர்.

காலம் மாறியது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்றது 1963ஆம் ஆண்டுச் சட்டம். வேலையில் பால் வேற்றுமை கூடாது என்றது 1964ஆம் ஆண்டுச் சட்டம். அதே 1964இல் திரையில் வந்தவள் யார்? ‘பிவிட்ச்டு’ தொடரின் சமந்தா என்னும் சூனியக்காரி! மூக்கை அசைத்தால் எதையும் முடிக்கும் சக்தி படைத்தவள். கணவனோ சாதாரண மனிதன். விளம்பர நிறுவன ஊழியன். அவன் கேட்பது ஒன்றே: உன் சக்தியைப் பயன்படுத்தாதே! அவளும் இசைகிறாள். மறு ஆண்டு வந்தாள் ‘ஜீனி’. குப்பிக்குள் அடைபட்ட பூதம். விடுவித்த ஆணை ‘எஜமானே’ என்று அழைப்பவள். அவள் தொப்புள் தெரியக் கூடாது என்று கண்காணித்தனர் தணிக்கையாளர். ‘எஜமானே’ என்ற சொல் மட்டும் அவர்கள் செவியை உறுத்தவில்லை.

பூதம் பொய் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவோம். அந்தப் பொய்யின் முதுகில் ஏறி வந்த பாடத்தையோ, பலர் மெய்யென்று விழுங்கினர்: பெண்ணே, உனக்கு ஆற்றல் இருக்கலாம், அதை மறைத்தால்தான் உனக்கு இல்லறம்! இந்த இரு தொடர்களிலும் ஒலித்தது பார்வையாளரின் சிரிப்புகூட அல்ல; பதிவு செய்து ஒட்டிய சிரிப்பு. எங்கே சிரிப்பது என்பதையும் இயந்திரமே சொல்லிக் கொடுத்தது.

நகைச்சுவை வேறு திசையிலும் பாயும். 1970இல் தொடங்கியது ‘மேரி டைலர் மூர் ஷோ’. நாயகி மணவிலக்குப் பெற்றவளாக இருக்கட்டும் என்றனர் படைத்தோர். கூடாது என்றது நிறுவனம். ஆயினும் தனித்து வாழ்ந்து செய்திக்கூடத்தில் உழைக்கும் பெண்ணாக நின்றாள் மேரி. 1972இல் வந்த ஒரு கதையில், தன் இடத்தில் முன்பு இருந்த ஆணுக்குத் தன்னைவிட அதிக ஊதியம் தரப்பட்டதை அறிந்து காரணம் கேட்கிறாள். அவனுக்குக் குடும்பம் உண்டு என்கிறார் மேலாளர். அப்படியாயின் மூன்று குழந்தை பெற்றவனுக்கு இரண்டு பெற்றவனைவிட அதிகம் தருகிறீர்களா என்று மடக்குகிறாள் மேரி. அங்கேயும் சிரிப்பு எழுந்தது. அடிமையைப் பார்த்து அல்ல, அநீதியைப் பார்த்து!

“இப்போது கணவன்மாரைத்தானே முட்டாளாகக் காட்டுகிறார்கள்?” என்பர். 1996 முதல் 2005 வரை ஓடிய ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ தொடரைப் பாருங்கள். ரேமண்டுக்கு வீட்டு வேலை வராது, வராததால் செய்வதில்லை. குழந்தைகளும் சமையலும் மனைவி டெப்ராவின் தலையில்! முட்டாள் பட்டம் அவனுக்கு; மூட்டை அவளுக்கு. ஆணைக் கேலி செய்வதால் வருவதன்று சமத்துவம். சுமையைப் பங்கிடுவதால் வருவது.

பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்டார் பெரியார். அடிமைத்தனம் சாத்திரத்தால் மட்டுமா நிலைக்கிறது? சட்டம் மாறிய பின்னும் அதைச் சிரிப்பு தாங்கிப் பிடிக்கிறது. தோழனே, அடுத்த முறை பெட்டி சிரிக்கும்போது, ஒரு நொடி உன் சிரிப்பை நிறுத்து. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று கேள். கேட்டுவிட்டு, உன் வீட்டு அடுப்படியையும் ஒருமுறை எட்டிப்பார். அங்கே தனியே நிற்பவர் யார்?